கழித்துச் சொல்பவர்

பழவேற்காட்டில் அவரிடம் யாராவது எதையாவது பெரிதாகச் சொன்னால், "அதுல ஆறு கழிச்சிக்கோ" என்பார். வலை தாங்காத அளவுக்கு இறால் விழுந்தது என்று ஒருவன் சொன்னாலும் ஆறு கழி. புயல் நேராக இங்கேதான் வருகிறதாம் என்று பஸ்ஸிலிருந்து இறங்கியவர் சொன்னாலும் ஆறு கழி. எதில் ஆறு, ஏன் ஆறு என்று யாரும் கேட்டதில்லை. மனுஷனுக்கு நக்கல் ஜாஸ்தி என்று போய்விடுவார்கள். அது நக்கல் இல்லை என்று புரிந்துகொள்ள நான் அவருடைய கடைக்குப் பக்கத்துக் கடையில் வருஷக்கணக்காகத் தையல் மெஷின் மிதிக்க வேண்டியிருந்தது.

டச்சுக்காரர்கள் கல்லறைக்கு எதிர்ச்சாரியில் ஒரே தகரக் கூரையின் கீழ் இரண்டு கடைகள். ஒன்றில் நான், மற்றதில் அவர். நடுவில் பலகைத் தடுப்புதான். அவர் மைக் செட் வாடகைக்கு விடுவார், ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்ப்பார். கோயில், மசூதி, சர்ச் எல்லாவற்றுக்கும் அவர் செட்டுதான். சொந்த ஊர் பொன்னேரிக்கு இந்தப் பக்கம், நெல் விளையும் ஊர். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ படித்துவிட்டு மெட்ராஸில் ஆம்ப்ளிஃபயர் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடியதும் இங்கே வந்து கடை போட்டார். சத்தத்தை வைத்துப் பிழைத்த அந்த மனிதர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. சத்தத்தை அளக்க உள்ளங்கைக்கு அடங்குகிற ஒரு மீட்டர் வைத்திருந்தார். அதன் முனையில் கறுப்பு ஸ்பாஞ்ச் உருண்டை ஒன்று இருக்கும். போகிற இடமெல்லாம் அதை நீட்டிப் பார்ப்பார். என் மெஷினைக்கூட ஒருநாள் அளந்தார். "எழுவத்தி ரெண்டு. எண்ணெ விடு தங்கச்சி, அறுவத்தெட்டுக்கு வந்துடும்" என்றார். விட்டேன். வந்தது.

அந்த ஆறைப் பற்றி நான்தான் ஒருநாள் கேட்டேன். உடனே ஒரு ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கல்லறை வாசலுக்குப் போனார். அங்கே அக்கம்பக்கச் சுவர் இல்லை, சத்தம் திரும்பி வராது. ஸ்பீக்கரில் ஒரே சீராக ஒரு 'ஊ' ஓடவிட்டு ஒரு மீட்டர் தள்ளி நின்று அந்தக் கருவியைப் பார்த்து என்னைப் படிக்கச் சொன்னார். எண்பது. இரண்டு மீட்டரில் எழுபத்துநாலு. நாலு மீட்டரில் அறுபத்தெட்டு.

"பாத்தியா? தூரம் ரெண்டு மடங்கு ஆனா ஆறு கொறையும். பத்து மீட்டரு இருவது மீட்டரு ஆனாலும் ஆறுதான், நூறு எரநூறு ஆனாலும் ஆறுதான்."

"ரெண்டு மடங்கு தூரம் போனா சத்தம் பாதிதானே அண்ணே ஆகணும்?"

"அது நீ துணி அளக்கற கணக்கு. ரெண்டு மீட்டரு துணின்னா ஒரு மீட்டருக்கு ரெண்டு மடங்கு. காதுக்கு அந்தக் கணக்கு தெரியாது. கொசு பாடறதும் கேக்கணும், இடி வுழறதும் தாங்கணும், ரெண்டுக்கும் நடுவுல கோடி கோடி மடங்கு கீது. அதனால பெருக்கறத எல்லாம் கூட்டலா மாத்திக்கிச்சி. அதுக்குப் பேருதான் டெசிபல். பத்து மடங்கு பவருன்னா பத்து கூட்டு. நூறு மடங்குன்னா இருவது. ஆயிரம் மடங்குன்னா முப்பது. தூரம் ரெண்டு மடங்குன்னா பவரு நாலுல ஒண்ணு, அதான் ஆறு. அவ்ளோதான் கணக்கே."

கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டு சிரித்தார். அன்றிலிருந்து அவர் யாரிடமாவது ஆறு கழிக்கச் சொல்லும்போது, நீ தூரத்திலிருந்து வந்த செய்தியைச் சொல்கிறாய், வரும் வழியில் எவ்வளவு போனதோ என்று அவர் நினைப்பதாக எனக்குத் தோன்றும்.

இந்தக் குணத்தால் அவர் நிறைய இழந்தார். தோணிரேவுத் திருவிழாவுக்கு செட் கட்டப் போனபோது பையன்கள் சூழ்ந்துகொண்டு, சத்தம் பத்தவில்லை, டபுளாக்கு என்றார்கள். வாடகையைக் கூட்டிச் சொல்லிவிட்டு எதையாவது திருகிக் காட்டியிருக்கலாம். இவர் நூறு வாட்ஸை எடுத்துவிட்டு அவர்கள் கண் முன்னாலேயே இருநூறு வாட்ஸ் மாட்டினார். பாட்டு ஓடியது.

"எங்க ஏறிச்சி?" என்றான் ஒருவன்.

"மூணு ஏறிச்சி. ரெண்டு மடங்கு பவருக்கு மூணுதான் ஏறும். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா பத்து மடங்கு பவரு போடணும். ஆயிரம் வாட்ஸு. உங்க லைன்ல அவ்ளோ கரண்டு கீதா?"

அடுத்த வருஷம் அவர்கள் பொன்னேரியிலிருந்து வேறு செட் கொண்டுவந்தார்கள். அது இவருடையதைவிட ஒரு டெசிபல் கம்மி என்று மீட்டரில் பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னார். அவர்களிடம் சொல்லவில்லை.

அவருக்கு ஒரே மகள். அம்மா இல்லாமல் வளர்ந்த பெண். பொன்னேரிக்குக் காலேஜ் போன பஸ்ஸில் லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன் ஒருவனோடு பழக்கமாகி, ஒருநாள் அவனோடு போய்விட்டாள். கடலுக்குப் போகிற பையன், நல்ல பிள்ளை. ஊரிலிருந்து பங்காளிகள் வந்து கடை வாசலில் நின்று கத்திவிட்டுப் போனார்கள். இவர் கத்தவில்லை. மகளைத் தேடிப் போகவும் இல்லை. குப்பத்திலும் அவளுக்கு நல்ல வரவேற்பு இல்லை. மீன் அரியத் தெரியாது, வலை பிரிக்கத் தெரியாது. வயக்காட்டுப் பொண்ணு என்றே கூப்பிட்டார்கள். அவள் பேரே அதுதானோ என்று நினைக்கிற அளவுக்கு.

ரவிக்கை தைக்க என்னிடம்தான் வருவாள். அப்பா கடைப் பக்கம் திரும்ப மாட்டாள். ஆனால் பலகைத் தடுப்பில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்காருவாள். நான் கேட்காததையெல்லாம் சொல்லுவாள். இப்போது மீன் அரிய வந்துவிட்டது, கையில் முள் குத்தியது ஆறிவிட்டது, மாமியார் பரவாயில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும் ரேடியோவின் சத்தம் மெல்ல மெல்லக் குறையும். அப்புறம் நின்றே போகும். அவள் எழுந்து போன பிறகுதான் மறுபடி பாட்டு கேட்கும்.

"எட்டப் போயிட்டா, வுட்டுட்டீங்களாண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எவ்ளோ எட்டப் போனாலும் ஆறு ஆறாத்தாம்மா கொறையும். ஒண்ணுமே இல்லாம ஆவாது" என்றார்.

ஒரு மழை நாளில் அவள் என் கடையில் மாட்டிக்கொண்டபோது அவரே வந்து வாசலில் நின்றார். குடையை நீட்டி, "பஸ்ஸு இன்னும் வர்ல" என்றார். பேச்சு அப்படித்தான் திரும்ப ஆரம்பித்தது. அப்புறம் மருமகன் வந்தான். மாமா, மாமா என்று ஒட்டிக்கொண்டான். மனிதர் முகத்தில் சதை பிடித்தது அந்த நாட்களில்தான்.

மருமகன்தான் குப்பத்துக் கரையில் குழாய் ஸ்பீக்கர் வைக்கிற யோசனையைக் கொண்டுவந்தான். ஏரி கடலில் சேருகிற முகத்துவாரத்தில் மணல் ஓயாமல் இடம் மாறும். நேற்று வழி இருந்த பக்கம் இன்று திட்டாக இருக்கும். திட்டில் ஏறினால் அலை போட்டைப் புரட்டிவிடும். எந்தப் பக்கம் வழி என்று காட்ட ஒரு பெரியவர் மூங்கிலில் சிவப்புத் துணியைக் கட்டிக்கொண்டு கரையில் நிற்பார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. கரையில் கம்பம் நட்டு குழாய் மாட்டினால் மைக்கில் சொல்லிவிடலாமே, என் மாமனார் செய்து தருவார் என்று அவன் ஊர்க் கூட்டத்தில் வாக்குக் கொடுத்துவிட்டான்.

கடையில் அவர்கள் இரண்டு பேரும் பேசியதை அவரே பிற்பாடு சொல்லித்தான் அறிந்தேன்.

"குழாய் வாய்லேர்ந்து ஒரு மீட்டர்ல நூத்திமுப்பது வரும். முகத்தாரம் ஒரு கிலோமீட்டரு. ஒண்ணு, ரெண்டு, நாலு, எட்டுன்னு போனா பத்து தடவ ரெண்டு மடங்கு. பத்து ஆறு அறுவது கழி. எழுவது மிஞ்சும்."

"எழுவது கேக்காதா மாமா?"

"சும்மா நின்னா நல்லாக் கேக்கும். ஆனா நீ இன்ஜினு பக்கத்துல குந்திக்கினு வர்ற. அது உன் காதுல தொண்ணூத்தஞ்சு. இருவத்தஞ்சு வித்தியாசம்னா முந்நூறு மடங்குடா. அதுக்குள்ள இது எங்க கேக்கும்? அலையும் காத்தும் வேற. நான் இன்னும் அதக் கழிக்கவே இல்ல."

"அப்ப பெரிய குழாயா நாலு போடலாம் மாமா."

"நாலு போட்டா ஆறு ஏறும். அவ்ளோதான்."

"ஊர்ல சொல்ட்டேன் மாமா. உங்க பொண்ணுக்குத்தான் மரியாத வரும்னு சொன்னேன். நீங்க வந்து அவங்ககிட்டயே சொல்லுங்க" என்றானாம்.

சொல்லத்தான் போனார். நானும் போனேன், அவள் கூப்பிட்டிருந்தாள். கம்பம் நட்டு, குழாய் நாலும் மாட்டி ஒரு தரம் பார்த்துவிடுவோம் என்று ஊரே கூடியிருந்தது. இவருக்கு பிளாஸ்டிக் சேர் போட்டு சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஊர்த் தலைவர் இவர் தோளில் கை போட்டுப் பேசினார்.

"டச்சுக்காரன் கோட்டையிலேர்ந்து பீரங்கி போட்டா, நடுக்கடல் கப்பலுக்குக் கேட்டுச்சாம். நம்ம குழாய் கேக்காதா?"

"அந்தக் கப்பலு பாய்ல வந்துச்சி. இன்ஜின் ஏது?" என்றார் இவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் தமாஷ் செய்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன்.

மருமகன் போட்டை எடுத்துக்கொண்டு முகத்துவாரம் வரை போனான். அன்று கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அங்கே போய், நன்றாகக் கேட்கட்டும் என்று இன்ஜினை நிறுத்தினான். கரையில் மைக்கை மகள் கையில் கொடுத்தார்கள். படித்த பெண், தெளிவாகப் பேசுவாள். அவள் கூச்சத்தோடு, "கேக்குதா?" என்றாள். தூரத்தில் அவன் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றினான். கரை முழுக்கக் கைதட்டல். ஒரு கிழவி வந்து அவள் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

"பாத்தீங்களா சம்மந்தி, கேக்குது!" என்றார் தலைவர்.

அந்த ஊரில் அவரை யாரும் அதற்கு முன்னால் சம்மந்தி என்று கூப்பிட்டதில்லை. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவளும் பார்த்தாள். கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக.

"கேக்கும்" என்றார்.

அவர் எதையும் கழிக்காமல் பேசியதை அன்றுதான் கேட்டேன். பொண்ணுக்குக் கிடைத்த மரியாதையில் மனிதர் இளகிவிட்டார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

சிவப்புத் துணிப் பெரியவர் அதன் பிறகு கரைக்கு வருவதை விட்டுவிட்டார். கடலிலிருந்து திரும்புகிறவர்களும் கரையில் துணி தெரிகிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டார்கள். ஏதாவது இருந்தால் மைக்கில் சொல்வார்கள் என்ற நம்பிக்கை. கடல் அமைதியாக இருந்த மாதங்களில் சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. கூட்டத்துக்கும் திருவிழாவுக்கும் குழாய் நன்றாகவே பாடியது.

ஐப்பசி மழைக்குப் பிறகு வாடைக்காற்று பிடித்தது. ஒரே இரவில் முகத்துவாரத்தின் வடக்குப் பக்கம் மணல் ஏறிவிட்டது. மறுநாள் முற்பகலில் போட்டுகள் திரும்பி வந்துகொண்டிருந்தன. முதலில் வந்தது மருமகன் போட். நாலு பேர் இருந்தார்கள். அது வடக்காகத் திரும்புவதைக் கரையில் இருந்த பெண்கள் பார்த்துவிட்டார்கள். மகள் ஓடிப்போய் மைக்கை எடுத்தாள்.

"வடக்கால வராதீங்க! மண்ணு ஏறிக்கிது! தெக்கால வாங்க!"

திரும்பத் திரும்பச் சொன்னாள். புருஷன் பேரைச் சொல்லிக் கத்தினாள். கரையில் நின்றவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்களாம், அவ்வளவு சத்தம். போட் நேராக வந்தது. சும்மா வருகிற மாதிரி, அவசரமே இல்லாமல் வந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். திட்டில் தட்டி நின்றது. அடுத்த அலை அதைக் கவிழ்த்தது. இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். அவள் புருஷனும் இன்னொரு வீட்டுப் பையனும் ஏறவில்லை. மறுநாள் காலையில் கொஞ்சம் தெற்கே ஒதுங்கினார்கள்.

கரையேறினவர்களில் ஒருவன், மூச்சு வந்ததும் கேட்டது இதுதான்: "மைக்ல ஏன் யாருமே ஒண்ணும் சொல்லல?"

அந்த ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள், அவள் கத்தினாள், எங்கள் காதால் கேட்டோம் என்றார்கள். ஆனால் பேச்சு வேறு மாதிரி போனது. பயத்தில் சுவிட்சைச் சரியாகப் போட்டிருக்க மாட்டாள். கடைசியில்தான் போட்டிருப்பாள். வயக்காட்டுப் பொண்ணுக்குக் கடல் என்ன தெரியும்? செத்துப்போன இன்னொரு பையனின் அம்மா எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உன் புருசன்னுகூடப் பாக்காம வாய்ல இன்னாடி வெச்சிக்கினு நின்ன?"

நாள் போகப் போக மகளுக்கே தன் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நான் துக்கம் கேட்கப் போயிருந்தபோது அவரும் அங்கே இருந்தார். சுவரோரம் சுருண்டு கிடந்தவள் எழுந்து உட்கார்ந்து அவரைப் பார்த்தாள்.

"நைனா, நான் சத்தமா சொல்லலியா? இன்னும் கொஞ்சம் வால்யூம் வெச்சிருந்தா கேட்டிருக்குமா?"

அவர் எழுந்து வெளியே போய் மணலில் உட்கார்ந்துகொண்டார். நான் பின்னால் போனபோது, கடையில் மருமகனிடம் பேசிய பேச்சு முழுவதையும் அப்போதுதான் என்னிடம் சொன்னார். எழுபது, தொண்ணூற்றைந்து, முந்நூறு மடங்கு. சொல்லச் சொல்ல அவர் கை மணலை அள்ளி அள்ளிக் கீழே விட்டுக்கொண்டிருந்தது.

"ஊருக்குச் சொல்லிடுங்கண்ணே. இல்லன்னா அவ இதத் தலையில வெச்சிக்கினே செத்துடுவா" என்றேன்.

கருமாதிக்கு ஊர் கூடியிருந்தபோது எழுந்து நின்றார். வழக்கம்போல மெல்லிய குரலில் ஆரம்பித்தார். "சத்தமா சொல்லு" என்றான் ஒருவன்.

"என் பொண்ணு மேல தப்பு இல்ல. அவ சுவிட்சு போட்டா, கத்தினா, எல்லாம் சரியாத்தான் பண்ணா. இன்ஜினு ஓடும்போது அந்தச் சத்தம் போட்ல கீறவனுக்குக் கேக்காது. எவ்ளோ கத்தினாலும் கேக்காது. எனக்கு அது முன்னாலயே தெரியும். அன்னிக்கு அவன் இன்ஜின நிறுத்திட்டுத்தான் கேட்டான். இன்ஜின் போட்டுக்கினு இன்னொரு வாட்டி கேளுன்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல. நீங்க சம்மந்தின்னு கூப்ட்டீங்க. கேக்கும்னு சொல்ட்டேன்."

செத்துப்போன பையனின் அண்ணன் எழுந்து வந்து அவரை அறைந்தான். கண்ணாடி தெறித்து விழுந்தது. யாரும் தடுக்கவில்லை. இன்னொரு அறைக்காக அவர் நின்றுகொண்டேயிருந்தார். அவன் அழுதுகொண்டே போய்விட்டான். அந்தப் பையனின் அம்மா மட்டும் மகளிடம் வந்து, தலையில் கை வைத்துவிட்டுப் போனாள்.

மகள் வாசல்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவரோடு அவள் பேசவேயில்லை.

குழாய்களை அன்றைக்கே இறக்கிவிட்டார்கள். மங்கிய பார்வையோடு அந்தப் பெரியவர் மறுபடியும் மூங்கிலைத் தூக்கிக்கொண்டு வந்தார், கூடவே கண் தெரிகிற ஒருவரை வைத்துக்கொண்டு. இவர் மைக் செட் வாடகைக்கு விடுவதை நிறுத்திவிட்டு ரேடியோ ரிப்பேர் மட்டும் பார்த்தார். மீட்டரை எங்கே போட்டார் என்று தெரியவில்லை, அதற்கப்புறம் அவர் கையில் நான் பார்க்கவில்லை. யாராவது வந்து எதையாவது பெரிதாக அளந்தால், "அப்பிடியா" என்பார். அவ்வளவுதான். கழிக்கச் சொல்ல மாட்டார். பழக்கப்பட்டவர்கள் சில பேர் அந்தப் பேச்சை எதிர்பார்த்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார்கள்.

அறுவடைக்கு அறுவடை தன் ஊர் நிலத்து அரிசியை மூட்டையாகக் கட்டி மகள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வருவார். அவர் தெருவைத் தாண்டிய பிறகு அவள் உள்ளே எடுத்துக்கொள்வாள். கருவாடு விற்க ஆரம்பித்திருந்தாள். பழவேற்காட்டுக்குச் சந்தைக்கு வருகிற நாட்களில் என் கடைக்கும் வருவாள். அதே பலகையில் சாய்ந்து உட்காருவாள். இப்போது எதுவும் சொல்வதில்லை. அந்தப் பக்கமும் ரேடியோ ஓடாது. என் மெஷின் சத்தம் மட்டும் இருக்கும். சில நாள் அதையும் நான் நிறுத்திவிட்டு ஊசியால் தைப்பேன். மூன்று பேரும் இப்படி இருப்பது எனக்குத் தாங்காது, ஆனால் எழுந்து போகவும் முடியாது.

ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் மேஜை மேல் சாய்ந்துவிட்டார். சால்டரிங் அயர்ன் புகைந்துகொண்டிருந்தது. பலகைச் சந்து வழியாகப் புகை வந்துதான் நான் ஓடிப்போனேன்.

பங்காளிகள் உடம்பை அவர் ஊருக்கு எடுத்துப் போனார்கள். குப்பத்திலிருந்து மகள் வந்தாள், கூட நாலைந்து பெண்கள். அவர்களில் அந்தப் பையனின் அம்மாவும் இருந்தாள். ஊர்ப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். மகள் தலைமாட்டில் உட்கார்ந்து, அவருடைய காதில் வைத்திருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"வாய வுட்டு அழுதுடுடி. நெஞ்சு அடைச்சிக்கும்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ரொம்பச் சாதாரணமாக, விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"கத்தினா கேக்குமாக்கா?"

அதற்குப் பிறகு அவளை யாரும் அழச் சொல்லவில்லை.